நிலாவுக்கு வைத்த பொட்டு

"டேங்க் மேல உக்காந்துகினு கீது பாரு," என்றாள் அம்மா.

எதிர்வீட்டு மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க். அதன் மூடியின்மேல், யாரோ எடுத்து வைத்ததுபோல, பிறை. நகம் வெட்டிப் போட்ட மாதிரி மெல்லிசு. அன்றைக்கு மூணாம் பிறை.

நாங்கள் இருந்தது அனகாபுத்தூரில் எங்கள் வாடகை வீட்டின் மொட்டைமாடியில். ஆனி மாதம். பொழுது சாய்ந்தும் தளம் சூடு ஆறவில்லை. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரின்மேல் மணல் நிரப்பிய கொட்டாங்குச்சியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்குப் பின்னால் டார்ச் லைட்டோடு நின்றாள். ஒரு தட்டு தட்டினால்தான் எரியும் டார்ச் அது. சில நாள் நாலு தட்டு கேட்கும்.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் புடவை கிழக்குப் பக்கமாக, விமான நிலையம் இருக்கும் திசையில் பறந்தது.

"காத்து மேக்கால இருந்துதான் வருது. நம்ம தலைக்கு மேலதான் வருவா," என்றாள்.

வரும் என்று சொல்லவில்லை. வருவா என்றாள். அந்த விமானத்தில் என் அக்கா மலர் இருந்தாள். மஸ்கட்டுக்கு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில், தையல் வேலைக்கு.

அப்பா அவளை மூன்றரை மணிக்கே ஆட்டோவில் அழைத்துப்போயிருந்தார். ஏர்போர்ட்டில் ஊர் பார்க்க அழ மாட்டேன் என்று அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டாள். கிளம்பும்போது அக்கா சொன்னது ஒன்றுதான். "மாடில நின்னு டார்ச் அடிம்மா. மேல இருந்து நான் பாக்கறேன்."

அம்மா என்னிடம் சொன்னதும் ஒன்றுதான். "பிறையும் பிளேனும் ஒரே படத்துல வரணும். எனக்கு அந்தப் படம் வேணும். புரியுதா சதீசு?"

புரிந்தது. அதைத்தானே அதற்கு முன் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன், வானத்தைப் படம் எடுப்பது. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

வயிறு மட்டும் தெரிந்த ஊர்

எங்கள் பக்கத்துக்கு வந்து பழகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலாக ஏறிப் போகும். கடல்காற்று திரும்பிவிட்டால் எங்கள் தலைக்கு மேலாக இறங்கி வரும். எப்படியானாலும் எங்கள் தலைதான்.

அதனால் இங்கே ஒரு பேச்சு வழக்கம் உண்டு. விமானம் வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் சொல்லின் நடுவிலேயே வாயை மூடிக்கொள்வார். கேட்டுக்கொண்டிருப்பவரும் அப்படியே நிற்பார். சத்தம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடரும். சண்டையிலும் அப்படித்தான். குழாயடியில் இரண்டு பேர் கையை ஓங்கியபடி விமானம் போகட்டும் என்று காத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். போவதற்குள் ஒருத்திக்கு என்ன திட்ட வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

அக்கா பத்தாவதோடு நின்று, தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்தாள். நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அது யார் குனிந்து தைத்ததால் என்பதை இந்தத் தொடரில் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். மறுபடி எழுதினால் அக்கா திட்டுவாள்.

ஆனால் அவள் மஸ்கட் போனது கஷ்டத்தால் மட்டும் இல்லை. கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"பொறந்ததுல இருந்து பிளேனோட வயித்தையே பாத்துகினு கீறேன். ஒரு வாட்டியாவது உள்ள பூந்து பாக்க வேணாமா?"

என்ன கேமரா என்று கேட்டவருக்கு

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒருவர், "தம்பி, நட்சத்திரங்களை எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். கேமரா இல்லை சார். போன். அதுவும் பழசு.

பல்லாவரத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்யும் என் சிநேகிதன் ஜாபர், யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத போன் ஒன்றை எனக்குக் கொடுத்தான். திரையின் ஒரு மூலை சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருக்கும். பின்பக்க லென்ஸ் மட்டும் சுத்தம்.

நல்ல கருவி இல்லாதவன் முதலில் கற்றுக்கொள்வது ஆடாமல் வைப்பதைத்தான். முக்காலி கிடையாது. செங்கல் வைத்தேன், சரிந்தது. கொட்டாங்குச்சியில் மணல் போட்டுப் போனை அழுத்தி வைத்தபோது, குழந்தையை மடியில் சாய்த்த மாதிரி நின்றது. விரலால் திரையைத் தொட்டால் அந்த அதிர்வே படத்தைக் கெடுத்துவிடும். அதனால் ஹெட்போன் ஒயரைச் சொருகி, அதில் சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்துவேன். படம் விழும். இலவசமாகக் கிடைத்த ஒரு ஆப், கேமராவின் கண்ணை நாலு செகண்டு, பதினைந்து செகண்டு என்று திறந்து வைத்திருக்கும். ஒன்று முடிந்ததும் அதுவே அடுத்ததை எடுத்துக்கொள்ளும்.

எங்கள் ஊர் வானம் கறுப்பு இல்லை. ஆறிப்போன டீயின் நிறம். பம்மல் வெளிச்சம் ஒரு பக்கம், விமான நிலைய வெளிச்சம் ஒரு பக்கம். நான் எடுத்த முதல் படத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. என் கட்டைவிரல் இருந்தது. ஆறு மாசம் கழித்துத்தான் மூன்று நட்சத்திரம் வரிசையாக விழுந்தது. அந்தப் படத்தைத் தாம்பரத்தில் ஏறின பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளிடமெல்லாம் காட்டினேன். ஒருவர் பார்த்துவிட்டு, "ஸ்கிரீன்ல தூசி இருக்கு தம்பி, தொடைங்க" என்றார்.

ஒரே படம் போதாது. நூறு, இருநூறு படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்கினால்தான் நட்சத்திரம் நகர்ந்த தடம் கோடாகத் தெரியும். இதில் எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு பெரிய பேஜார், விமானங்கள். நூறு படம் எடுத்தால் இருபதில் ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே கிழித்துக்கொண்டு போயிருக்கும். அந்த இருபதையும் முதலில் பொறுக்கி அழித்துவிட வேண்டும். அப்புறம்தான் மற்ற வேலை.

இரண்டு வருஷத்தில் அது யோசித்துச் செய்யும் வேலையாக இல்லாமல் போய்விட்டது. கோட்டைப் பார்த்தால் கட்டைவிரல் தானாகப் போய் அழித்துவிடும்.

பிறை பார்த்ததும் ஒரு முகம்

அம்மாவுக்கு வானத்தில் வேறு எதுவும் தெரியாது. பிறை தெரியும்.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாடி ஏறுவாள். பிறையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உடனே யாருடைய முகத்தையாவது பார்க்க வேண்டும். நல்ல முகமாக இருக்க வேண்டும். அந்த மாசம் அப்படிப் போகும் என்பது அவள் கணக்கு. அம்மா எப்போதும் அக்கா முகத்தைத்தான் பார்ப்பாள். கம்பெனி விட்டு வர நேரமானால், வரும் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே அடுப்பு வேலை பார்ப்பாள். நடுவில் நான் எதிரே போனால், "தள்ளுடா, மாசம் பூரா உன் மூஞ்சியாட்டம் உர்ருன்னு போவும்" என்பாள்.

மறுநாள் நாலாம் பிறைக்கு நேர்மாறு. அதைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் செய்யாத தப்புக்குப் பழி வரும், எடுத்த காரியம் கெடும். பிள்ளையாரைப் பார்த்து நிலா சிரித்ததால் வந்த சாபம் என்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா மாடிப் பக்கமே போக மாட்டாள். மழை வந்தாலும் துணி எடுக்க என்னைத்தான் அனுப்புவாள், "மேல பாக்காத" என்று சொல்லி.

நான் இயற்பியல் படித்தவன். பிறை எந்த நேரத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று என் போன் சொல்லிவிடும். நாலாம் பிறைக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று ஒருமுறை விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீ பாரு" என்றாள்.

அக்கா கிளம்பிய நாள் மூணாம் பிறையாக அமைந்தது தற்செயல்தான். அம்மாவுக்கு அது ஆறுதல். ஒரே ஒரு குறை, பிறை பார்த்ததும் பார்க்க அக்கா முகம் இல்லை. முகத்துக்குப் பதில் விமானத்தைப் பார்ப்பது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அதனால்தான் அந்தப் படத்தில் இரண்டும் இருக்க வேண்டும் என்றாள்.

அவள் போனாள்

ஏழரை மணி இருக்கும். கிழக்கே சத்தம் எழுந்தது. தெருவில் பேச்சு நின்றது.

பொத்தானை மறுபடி அழுத்தினேன். தலைக்கு மேல் வயிறு, இரண்டு விளக்கு, சக்கரம் உள்ளே மடங்குவது. மேலே ஏறுகிற விமானம் பின்னாலிருந்து பார்த்தால் கீழே இறங்குவதுபோலத்தான் தெரியும். டேங்க்கைத் தாண்டி, பிறையை ஒட்டி, புள்ளி புள்ளியாக மினுக்கிக்கொண்டு போய் மேற்கே கரைந்தது.

போனின் சின்னத் திரையிலேயே தெரிந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம். பிறை, பிறையைத் தொட்டும் தொடாமல் ஒரு கோடு.

பின்னால் திரும்பினேன். அம்மா இன்னும் டார்ச் பிடித்த கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"பிறை?"

"அதுவும்."

கையை இறக்கினாள். "போய் சாப்புடு," என்றாள், தான் அசையாமல்.

கட்டைவிரல் செய்த காரியம்

சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் போனோடு உட்கார்ந்தேன். விமானம் தாமதமாகலாம் என்று ஆறேமுக்காலிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தேன். முந்நூறு படத்துக்கு மேல். போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. இடம் பற்றாத போன் என்பதால், அழித்ததைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும் வசதியையும் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தேன்.

முதலில் இடம் பண்ணிக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். அக்கா இந்நேரம் எங்கே இருப்பாள், பசிக்குமா, பக்கத்து சீட்டில் யார் என்று மனசு எங்கேயோ இருந்தது. விரல் மட்டும் வேலை செய்தது. கோடு விழுந்த படம், தொடு. கோடு விழுந்த படம், தொடு. இருபத்து சொச்சம் படங்களைத் தேர்ந்தெடுத்து, அழிக்கவா என்று கேட்டதற்கு, ஆம்.

மிச்சமிருந்த படங்களைத் தள்ளிப் பார்த்தேன். பிறை. பிறை. பிறை. சுத்தமான வானம். ஒரு விமானம்கூட இல்லை.

அப்போதுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

"படத்தக் காட்டுடா," என்று கீழேயிருந்து அம்மா குரல்.

"கம்ப்யூட்டர்ல அடுக்கணும்மா. ரெண்டு நாள் ஆவும்."

முதல் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

பதினொரு மணிக்கு மேல் அக்கா பேசினாள். இறங்கிவிட்டாளாம். அம்மா போனை வாங்கி முதலில் கேட்டது, "டார்ச் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. நல்லா தெரிஞ்சுது."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

நாளைக்கும் போகும்

மறுநாள் காலையில் ஜாபர் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். போனை ஏதேதோ செருகிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"போச்சு மச்சான். வராது."

"வேற வழியே இல்லியா?"

"இன்னா மச்சான் நீ. எல்லாரும் பிளேன் வந்தா படம் எடுப்பான். நீ பிளேன் வந்தா அழிச்சிட்டு வந்து நிக்கற." ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். பாதி குடித்ததும் அவனுக்கு யோசனை வந்தது. "அந்த பிளேன் டெய்லி போவுதா?"

"போவும்னுதான் நெனைக்கறேன்."

"இன்னிக்கும் போவும்ல? அதே டைம். அதே மாடி. அதே ஊடு. எட்த்துக் குட்த்துடு. பிளேன் மூஞ்சில உங்க அக்கா பேரா எழுதி வச்சிக்கீது?"

தப்பு என்று தெரியும். ஆனால் அம்மாவிடம் போய், உன் மகள் போன படத்தை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அன்று சாயங்காலம் கொடியில் துணி அதே பக்கம் பறந்தது. முந்தைய நாள் கொட்டாங்குச்சி வைத்த இடத்தில் மணல் வட்டம் அப்படியே இருந்தது. அதன்மேலேயே வைத்தேன். அம்மா மாடிக்கு வரவில்லை. ஏன் என்று நான் யோசிக்கவும் இல்லை. வராதது நல்லது என்று மட்டும் தோன்றியது.

விமானம் வந்தது. முந்தைய நாளைவிட நன்றாகவே விழுந்தது. பிறை கொஞ்சம் மேலே ஏறி, கொஞ்சம் தடித்திருந்தது. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் பிறை என்ற வார்த்தையே எனக்கு நினைவுக்கு வரவில்லை. படித்தவன் இல்லையா. எனக்கு அது வெறும் நிலா.

சுவரில் ஒரு பொட்டு

பம்மல் மெயின் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவ போன பிளேனா?"

"ஆமாம்மா."

"நல்லாருக்கு," என்றாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் படம் கடிகாரத்துக்குக் கீழே தொங்கியது. பிறை இருந்த இடத்தில், அதை முழுசாக மறைத்து, ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

திருஷ்டிக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வருகிறவர்கள் கேட்டாலும் அப்படித்தான் சொன்னாள். "கண்ணு பட்டுறக் கூடாதில்ல." அப்பா மட்டும் ஒருநாள் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்து அசதியில் அதைப் பார்த்து, "நிலாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

பொட்டு சாயம் போனால் அம்மா புதுசு மாற்றுவாள். எப்போதும் மாசத்தில் ஒரே நாளில்தான் மாற்றினாள். நான்தான் அது எந்த நாள் என்று பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை அவளுக்கு, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். ஒவ்வொரு முறையும் நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். அக்கா அங்கே காய்ச்சலில் படுத்தபோது அம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்றதைப் பார்த்தேன். யாரோ போன விமானத்தின் முன்னால் என் அம்மாவை நிற்க வைத்துவிட்டேனே என்று இருந்தது.

விமானம் போகட்டும்

நான் இப்போது சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். சமீபத்தில் அங்கே அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது அந்தப் படத்தைப் பார்த்திருந்த தலைமை ஆசிரியை கூப்பிட்டார்.

"சதீஷ், உங்க மொபைல் போட்டோஸ்க்கு ஒரு போர்டு தரேன். அந்தப் பிளேன் போட்டோ கண்டிப்பா வைங்க. கீழ, 'என் அக்கா சென்ற விமானம்'னு எழுதிடுங்க. பசங்களுக்கு டச்சிங்கா இருக்கும்."

அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குள் சொன்ன பொய் இனி என் கையெழுத்தில் ஊர் முன்னால் நிற்க வேண்டும். பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன்.

அக்கா ஒப்பந்தம் முடிந்து வந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தரையில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்துல இருக்கறது..."

விமானம் வந்தது.

மூன்று பேரும் நிறுத்தினோம். அக்கா போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அம்மா கையில் ஒரு கீரைக் காம்பு. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஒரு விமானம் போனதில்லை. சத்தம் முழுசாக அடங்கியது.

"...அக்கா போன பிளேன் இல்ல. மறுநாள் எடுத்தது. அக்கா பிளேன் படத்த நான் தெரியாம அழிச்சிட்டேன்."

அம்மா காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"குட்த்த அன்னிக்கே. மூணாம் பிறை அன்னிக்கு டேங்க் மூடி மேல உக்காந்துகினு இருந்துச்சு. உன் படத்துல டேங்க்குக்கு மேல ஒரு முழம் ஏறி நிக்குது. வயிறு வேற ஊதி கீது. மாசாமாசம் மூணாம் பிறை பாக்கறவளுக்கு நாலாம் பிறை தெரியாதா?"

அவள் கண்ணெடுத்தே பார்க்காத பிறையை, நான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா இன்னொண்ணு சொல்லுவ. படிச்ச புள்ள. நல்லாத்தான் சொல்லுவ."

அக்கா எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "அம்மா, நானும் ஒண்ணு சொல்லிடறேன். டார்ச் தெரிஞ்சுதுன்னு சொன்னேன்ல? எனக்கு நடு சீட்டு. ஜன்னலாண்ட ஒரு ஆளு. அவன் மேல ஏறாத குறையா எட்டிப் பாத்தேன். ரெக்கைதான் தெரிஞ்சுது."

"அதுவும் தெரியும்," என்றாள் அம்மா.

"அது எப்டி?"

"டார்ச்சே எரியல. தட்டு தட்டுன்னு தட்டினேன். எரியவே இல்ல. சும்மாதான் ஆட்டினேன்."

மேலே விமானம் எதுவும் போகவில்லை, ஆனாலும் மூன்று பேரும் நிறுத்தியிருந்தோம்.

"உன் படத்தத் தொலைச்சிட்டேன்மா," என்றேன்.

"படம்தான போச்சு. நான் பிறையும் பாத்தேன், பிளேனும் பாத்தேன்."

"அப்ப இந்தப் பொட்டு? அக்கா பிளேன் இல்லன்னு தெரிஞ்சும் எதுக்கு அந்தப் பிறைய மறைச்ச?"

அம்மா கீரையை முறத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். நான் கேட்டதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது போல.

"இவதான் மொத நாளே போய் எறங்கிட்டாளே, இவளுக்கு இன்னா? அந்தப் பிளேன்ல எவ பெத்த புள்ளையோ போச்சு. அதுக்கும் ஒருத்தி எங்கியோ மாடில நின்னு கைய ஆட்டினு இருந்திருப்பா. மேல நாலாம் பிறை கீதுன்னு அவளுக்கு யாரு சொல்றது? நம்ம வூட்டு சுவத்துல மாட்டிகினு, தெனம் பாத்துகினு, சும்மா இருக்க முடியுமா?"

பள்ளிக்கூடத்துச் சுவர்

புதுப் பிரிண்ட் போடவில்லை. வீட்டுச் சுவரிலிருந்த படத்தையே, பொட்டோடு, எடுத்துப் போய் மாட்டினேன். அட்டையில் இப்படி எழுதினேன்: "அனகாபுத்தூர் மாடியிலிருந்து. நாலாம் பிறை. விமானத்தில் இருப்பவர்கள் யாரென்று தெரியாது."

தலைமை ஆசிரியை படித்துவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தார். எடுக்கச் சொல்லவில்லை.

பிள்ளையை அழைத்து வந்த ஒரு அப்பா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கிட்டே போய்ப் பார்த்தார். "செவப்பா இருக்கே தம்பி, கிரகணத்தப்ப எடுத்ததா?"

"இல்ல சார். பொட்டு. அம்மா வச்சது."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

சாயங்காலம் அக்கா அம்மாவை அழைத்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள்தான், ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவேன் என்றாள். போர்டின் முன்னால் நின்றாள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா படித்துச் சொன்னாள். பகல் முழுக்கப் பசங்கள் தொட்டுத் தொட்டுப் பொட்டின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ஒட்டிவிட்டதா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நகர்ந்தாள்.